பெஞ்சு போடும் மார்க்

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷன், தன் வாயைத் திறந்து "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காரில் போகும்போது திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிவிட்டால், அடுத்த தெரு வழியாகச் சுற்றி வரமாட்டார். ஸ்டியரிங்கை ஒடித்து, பிளாட்பாரத்தில் ஏறியாவது அதே தெருவுக்குள் நுழைவார். அப்பேர்ப்பட்டவர் எங்கள் கார் ஷெட்டுக்குள் எட்டு வருஷமாக ஒரு குட்டி விமானம் கட்டினார். எட்டு வருஷமும் கார் வெயிலில் காய்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அதில் பாதி என் உழைப்பு. நான் தையல்காரி. இறக்கைச் சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்து முடிச்சு முடிச்சாகத் தைத்தது இந்தக் கைதான்.

எங்களைப் போல வீட்டிலேயே விமானம் கட்டுகிற பைத்தியங்கள் பதினோரு பேர் சேர்ந்து, ஊருக்கு வெளியே புல்தரையில் ஓர் ஓடுபாதை வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் ஒரு நீள பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை யார் இறங்கினாலும் பெஞ்சில் இருப்பவர்கள் அட்டையைத் தூக்கிப் பத்துக்கு மார்க் போடுவார்கள். இறங்க வந்தவர், சரிப்படவில்லை என்று மறுபடி மேலே ஏறிவிட்டால் முட்டை. அதோடு விடமாட்டார்கள், மாசக்கணக்கில் ஓட்டுவார்கள். இந்தக் கூத்துக்குத் தலைவர் ஒரு கணக்கு வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மார்க் போடும் அரிப்பு மட்டும் அவரை விடவில்லை.

போன வருஷம், அந்தப் பதினோரு பேரில் ஒருவரான வெல்டர் அண்ணன் விமானத்தோடு விழுந்தார். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும் கடைசி வளைவில் காற்று தள்ளிவிட, ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். பேசாமல் மேலே ஏறியிருக்கலாம். ஏறாமல் வளைவை இறுக்கினார், பிடியை இழுத்து விமானத்தின் மூக்கையும் தூக்கினார். வேகம் செத்து, ஒரு பக்க இறக்கை சட்டென்று சரிந்து, விமானம் புதருக்குள் குத்திட்டு நின்றது. தொடை எலும்போடு போனது அவர் செய்த புண்ணியம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விசாரணைக்கு வந்த அதிகாரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் நன்றாகத்தானே ஓடியது, பெட்ரோலும் இருந்தது, ஏன் இன்னொரு சுற்று போகவில்லை என்று கேட்டார். வெல்டர் அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முட்டை போட்டுருவாங்க சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா, ஒரு அட்டைக்குப் பயந்தா உயிரைக் கொடுப்பது? அடுத்து ஏறப்போவது என் வீட்டுக்காரர். தெருவையே விட்டுக்கொடுக்காதவர் ஓடுபாதையை விட்டுக்கொடுப்பாரா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் விமானம் முதன்முதலாகப் பறக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், நேராகப் பெஞ்சுக்குப் போய் எல்லா அட்டையையும் வாரி எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு மார்க் நான்தான் போடுவேன், திரும்ப மேலே ஏறினால் பத்து, எவ்வளவு அழகாக இறங்கினாலும் அஞ்சுதான் என்று அறிவித்தேன். காலங்காலமாக இருக்கிற வழக்கத்தை இப்படி மாற்றலாமா என்று வாத்தியார் இழுத்தார்.

"இறக்கைத் துணி நான் தைச்சது சார். கத்திரியும் பையிலதான் இருக்கு."

வாத்தியார் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

வீட்டுக்காரர் சிரித்தார். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். விமானத்தின் மேல் இருக்கிறது, உங்கள் மேல்தான் இல்லை என்றேன். அதற்கும் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அம்மாடி, என்ன அழகாக மேலே போனது! கோபமெல்லாம் மறந்து கைதட்டினேன். இருபது நிமிஷம் சுற்றினார். பிறகு இறங்க வந்தார். அதே கடைசி வளைவு, அதே காற்று. கண்ணெதிரே கோட்டைத் தாண்டிப் போனார். இறக்கை சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. எனக்குத் தெரியும், பிளாட்பாரத்தில் ஏற்றுகிற மனுஷன் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். என் பக்கத்தில் வெல்டர் அண்ணன் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இழுக்காதே, இழுக்காதே என்று முனகினார்.

இறக்கை நிமிர்ந்தது. எஞ்சின் உறுமியது. எங்கள் தலைக்கு மேலே கடந்து, மறுபடி மேலே ஏறிப் போய்விட்டார்.

அட்டை தூக்க எனக்குக் கை வரவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை மூன்று முறை தவளை மாதிரி எம்பி எம்பி இறங்கினார். ஓடினேன். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். கடைசியில் அத்தனை பேர் முன்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வளைச்சு இழுக்கத்தான் போனேன். தப்புதான். அப்ப, நீங்கல்லாம் என்ன நினைப்பீங்கன்னு பெஞ்சைப் பாத்தேன்" என்றார்.

"பாத்து?"

"பெஞ்சே தெரியல. மேல இருந்து பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. பின்ன யாருக்காக இழுக்கறேன்னு விட்டுட்டேன்."

பின்னால் வந்து நின்ற கணக்கு வாத்தியார் அதைக் கேட்டுத் தொண்டையைச் செருமினார். வெல்டர் அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்து, என் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் திரும்பி அந்தப் பெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் அன்னைக்கு அந்தப் பக்கம் பாக்கவே இல்லையே, தங்கச்சி."

பிறகு அவரே சிரித்துவிட்டு, தன் விமானத்தின் புது இறக்கைக்குத் துணி தைத்துத் தருவாயா என்று கேட்டார். தருகிறேன், அளவு எடுக்க நாளைக்கே வருகிறேன் என்றேன்.