நல்ல பல்லைப் பிடுங்குவது எப்படி

1

இந்தக் கதை ஒரு கேள்வித்தாளிலிருந்து பிறந்தது. அழகான பிறப்பில்லைதான். பல் மருத்துவக் கல்லூரியில் இருக்கும் என் தோழி, கடைசி வருட மாணவர்கள் நிரப்பிக் கொடுத்த தாள்களை ஒரு நாள் என்னிடம் காட்டினாள். 'முகத்திலும் வாயிலும் வரும் வலிக்கு வைத்தியம் பார்க்க உங்களுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை உண்டு? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.' வட்டங்கள் எல்லாம் நாலிலும் ஐந்திலும் தாராளமாக விழுந்திருந்தன. வலியோடு வந்தவர்களிடம் யாரும் தாள் நீட்டவில்லை.

சரி, கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'கிளினிக்கின் ஜன்னலில் காலை வெயில் ஒரு மெல்லிய சோகத்தைப்போல...' வேண்டாம். அந்தக் கல்லூரிக் கிளினிக்குக்கு ஜன்னலே கிடையாது. கிராம்பெண்ணெய் வாடை மட்டும் உண்டு.

இரண்டாம் தொடக்கம்: 'அவளுக்குள் தன்னம்பிக்கை ஊற்றெடுத்து...' அடித்துவிட்டேன். அங்கே ஊற்றெடுத்தது நாற்காலியோரத்துத் துப்புத்தொட்டிக் குழாய் ஒன்றுதான்.

மூன்றாம் தொடக்கம்: டாக்டரம்மாவுக்கு ஒரு பல் குறைந்தது.

இது போதும்.

2

குறைந்தது அவள் வாயில் இல்லை, அவள் கணக்கில். இறுதித் தேர்வுக்கு உட்கார வேண்டுமென்றால் இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும் என்று கல்லூரியில் விதி. அவளுக்கு இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. அன்று சாயங்காலம் பட்டியலை மூடுகிறார்கள். விட்டால் ஆறு மாதம் போச்சு.*

(* எத்தனை பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றினாய் என்று கேட்கும் விதி எதுவும் இல்லை. விதி எழுதியவர்களுக்குப் பல்வலி வந்ததில்லை போலும்.)

'டாக்டரம்மா' என்பது வீட்டில் வைத்த பெயர். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அம்மா உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அண்ணன் மட்டும் இன்றைக்கும், "டாக்டரம்மா, பேஸ்ட் தீந்துபோச்சு" என்று குளியலறையிலிருந்து கத்துவான்.

முதலில் இவளைத் திமிர் பிடித்தவளாக எழுதினேன். திட்ட வசதியாக இருந்தது. ஆனால் திமிர் பிடித்தவள் ஏன் நோயாளியின் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று தடவை தொண்டையைச் செருமுகிறாள்? இவளுக்கு இருப்பது திமிர் இல்லை. பயத்துக்குக் கோட்டு மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

3

அன்று நோயாளியாக வந்தவள் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். நாள் முழுக்க யாராவது திட்டுவார்கள். இவள் சிரித்த குரலில் "உங்க சிரமம் புரியுது சார்" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

['பல்லைக் கடித்துக்கொள்' என்ற சொல்வழக்கை அப்படியே நோயாக்குவது மலிவான வேலை. வேறு உத்தியோகம் கொடுத்துப் பார்த்தேன். தாடை வலிக்கவில்லை. ஆகவே இதுவே இருக்கட்டும்.]

"எந்தப் பல்லும்மா?"

"கீழ, வலது பக்கம். பின்னாடி ரெண்டை ஏற்கெனவே வேற இடத்துல எடுத்தாச்சு. வலி மட்டும் போகல. இப்ப முன்னாடி இருக்கிறதுக்கு வந்துடுச்சு. இதையும் எடுத்துடுங்க டாக்டர். மூணு மாசமா தூக்கமே இல்ல."

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தாள். பல் பாடப்புத்தகத்தில் அச்சடித்ததுபோல் சுத்தமாக இருந்தது. தட்டிப் பார்த்தாள், வலியில்லை. சில்லென்று பஞ்சு வைத்தாள், மற்றப் பல்லைப் போலத்தான் கூசியது.

பக்கத்து நாற்காலியில் நோயாளிக்காகக் காத்திருந்த நெட்டை எட்டிப் பார்த்தான். அதே வகுப்பு. அவனுக்கும் ஒரு பல் குறைகிறது.

"என்னடி, பல்லைப் பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துட்டிருக்க? அவங்களே எடுக்கச் சொல்றாங்க. அதிர்ஷ்டம்டி!"

"பல்லு நல்லா இருக்குடா."

"நல்ல பல்லுதான் உடையாம வரும்."

மேற்பார்வை மேடம் வந்தார். 'நோயாளி கேட்டுக்கொண்டபடி' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ ஆறுகிறது என்று போனார்.

4

ஊசி போட்டாள். பத்து நிமிடம் காத்திருந்தாள்.

"மரத்துடுச்சாம்மா?"

"உதடு செத்துப்போச்சு. நாக்கு பாதி செத்துப்போச்சு. வலி மட்டும் உயிரோட இருக்கு டாக்டர்."

இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கிளினிக்கில் யாருமே நின்றதில்லை. பல்லிலிருந்து வரும் வலியென்றால், பல் மரத்தால் வலி அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் வலி வேறெங்கோ குடியிருக்கிறது. ஊசி அதைத்தான் சொன்னது. ஆனால் அங்கே வழக்கம் வேறு: வலி நிற்கவில்லையா, ஊசி ஏறவில்லை.

"ஏறல. இன்னொண்ணு போடு," என்றான் நெட்டை.

இன்னொன்று போட்டாள். இப்போது காது வரைக்கும் மரத்துப்போனது. வலி அசையவில்லை.

"இன்னொண்ணு?" மறுபடி நெட்டை.

மூன்றாவது ஊசிக்காகத் தாடையை வெளியிலிருந்து விரல்களால் இறுக்கிப் பிடித்தாள். கன்னத்துத் தசை கல்லாக இருந்தது. விரல் அதில் அழுந்தியதும் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து துள்ளினாள்.

"அதான்! அதே வலி! பல்லுக்குள்ள போகுது பாருங்க!"

டாக்டரம்மா விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி துள்ளல்.

பல்லுக்கு நாலு வருடம் பாடம் நடந்தது. பல்லே காரணமில்லாத வலிக்கு ஒரே ஒரு மத்தியான வகுப்பு. அதில் தாடைத் தசை என்று ஏதோ வந்தது. அப்போது அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும் கலையில் தேர்ந்துகொண்டிருந்தாள். தசைதான் என்று தோன்றுகிறது. அதற்கு மேல்? மாத்திரையா, ஒத்தடமா, யாரிடம் அனுப்புவது? சுத்தமாகத் தெரியாது. இடுக்கியும் குறடும் வரிசையாகத் தட்டில் கிடந்தன. 'தெரியாது' என்பதற்கு ஒரு கருவியும் இல்லை.

5

இங்கே என்னிடம் முடிவுகள் உண்டு.

முதலாவது: அவள் பிடுங்குகிறாள். தேர்வு எழுதுகிறாள், வீட்டில் விருந்து. வலி நாலாவது பல்லுக்கு நகர்கிறது. [இது கதை இல்லை, நடப்பு. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: அவள் குறடை வீசி எறிந்துவிட்டு, "மனசாட்சி இருக்கா நமக்கெல்லாம்?" என்று... குறடு கல்லூரிச் சொத்து. எறியமாட்டாள்.

மூன்றாவது, நான் எழுத நினைக்காதது. தானாக நடந்தது.

அவள் மூன்று தடவை தொண்டையைச் செருமினாள். "அம்மா, பல்லுல ஒண்ணுமில்ல. வலி தசையிலேருந்து வருதுன்னு நினைக்கிறேன். அதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. கேட்டுச் சொல்றேன். இன்னைக்குப் பல்லை எடுக்க வேண்டாம்."

அந்தப் பெண் கழுத்தில் நீலத்துணியோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"தெரியலையா?" பாதி உதட்டால் குழறியது. "எங்க ஆபீஸ்ல 'தெரியல'ன்னு சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க டாக்டர். லீவு போட்டு வந்திருக்கேன். இன்னைக்கு ராத்திரியும் சுவத்துல முட்டிக்கணுமா நான்?"

"கொஞ்சம் டைம் குடுங்கம்மா..."

"இதே வார்த்தையைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

நெட்டை தன் நாற்காலியைத் தட்டித் துடைத்தான். "இங்க வாங்கக்கா. அஞ்சு நிமிஷம். எனக்கு நூத்துக்கு நூறு தெரியும், அந்தப் பல்லுதான்."

எவ்வளவு இதமான குரல்! எழுதும் எனக்கே போய் உட்காரலாம்போல் இருந்தது.

6

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில், தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். ஒரு பக்கம், தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஆறு மாதத்தைத் தொலைத்தவள். இன்னொரு பக்கம், எல்லாம் தெரிந்த ஒரு புன்னகை.

நான் அவளை எந்தப் பக்கமும் நகர்த்தப்போவதில்லை. நீங்கள் நகர்த்துங்கள். ஒரே ஒரு நிபந்தனை: உங்களுக்கு எதுவும் வலிக்காத நேரத்தில் முடிவு செய்யாதீர்கள்.