தலை தீபாவளிக்குத் தேய்த்த பிரேக் பேடு

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு மூன்றே மூன்று வேலைகள்தான். தலையைக் காட்டி எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும், கொடுத்ததை உடுத்திக்கொள்ள வேண்டும், இலையில் போட்டதைத் தின்ன வேண்டும். நான்காவதாக எதையாவது செய்யக் கிளம்பினால் வீடே பதறிப்போகும். காலையில் அன்புச்செல்வன் தான் குடித்த காபி டம்ளரைக் கழுவப் போனான். அதற்கே மாமியார் கிருஷ்ணவேணி ஓடிவந்து, "ஐயையோ, வெச்சிடுங்க தம்பி, யாராவது பாத்தா இன்னா நெனப்பாங்க" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்படிப்பட்ட மாப்பிள்ளைதான் காலை பத்து மணிக்கு, பட்டு வேட்டியும் மஞ்சள் வைத்த புதுச் சட்டையுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் காருக்கு பிரேக் பேடு மாற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் ஒரு தட்டு. தட்டில் நான்கு அதிரசம்.

முந்தின நாள் விழுப்புரத்தில் அம்மா முனியம்மாளிடம் தீபாவளிப் புடவையைக் கொடுத்துவிட்டு, மனைவி சங்கவியோடு காரில் புறப்பட்டான். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பின்சக்கரத்தில் சத்தம் ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தபோதெல்லாம் இரும்பை இரும்பு அறுத்தது. திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, பின்பக்க பேடு சுத்தமாகத் தேய்ந்துபோச்சு, இந்த நிலைமையில் வண்டியை எடுக்காதீர்கள் என்றார். சாமானை வாங்கி வையுங்கள், தீபாவளி கழித்து மூன்றாம் நாள் மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடை ஷட்டரையும் இழுத்துவிட்டார். அன்புச்செல்வன் உதிரிப்பாகக் கடையில் பேடுகளை வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த மாமனார் ஊருக்கு வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தான்.

மூன்றாம் நாள் வரைக்கும் எங்கே இருப்பது? அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகக் கழிக்கும் முதல் தீபாவளி இது. "நாளைக்கு விளக்கு வெக்கிற நேரத்துக்கு வந்துடுவோம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பஸ்ஸில் போய்விடலாம் என்று மெதுவாக வாயெடுத்தான். மாமனார் சீனுவாசன் குதித்தார்.

"தல தீபாவளிக்கு வந்த மாப்ளய பஸ்ல அனுப்புறதா? அப்புறம் நான் ஊர்ல தல காட்ட வேணாவா? காரே செய்யறவரு நீங்க இருக்கறப்ப பேடு மாட்டறது ஒரு வேலையா? நீங்க கை வெக்க வேணாம் மாப்ள. குந்திக்கினு சொல்லுங்க, நான் செய்யறேன்."

அந்தக் 'காரே செய்யறவரு'தான் அன்புச்செல்வனின் தொண்டையில் நான்கு மாதமாகச் சிக்கிக்கொண்டிருந்த முள். ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் அவனுக்கு வேலை என்பது உண்மை. என்ன வேலை என்றால் கேண்டீனில். எந்த ஷிஃப்டுக்கு எத்தனை பேர், எத்தனை இட்லி, சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு என்று பார்ப்பது. பெண் பார்க்க வந்த தரகர் "கார் கம்பெனி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சீனுவாசனோ அந்த இரண்டு வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் ஊர் முழுக்கத் தேர் இழுத்துவிட்டார். மாப்பிள்ளை கார் செய்கிறார், இன்ஜினையே பிரித்துக் கோர்ப்பார் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டபோதெல்லாம் அன்புச்செல்வன் பாதி சிரித்தான், பாதி இருமினான். "நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க, அதான் மரியாத" என்று சங்கவி எத்தனையோ தரம் சொல்லியும் வாய் வரவில்லை.

வாசலில் மாமனார் மட்டும் இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பான். பக்கத்து நிலத்துக்காரர் சுப்பராயலு, கார் செய்கிற மாப்பிள்ளை வேலை பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஒரு சேதி பரவ வேண்டுமானால் அவர் காதில் போட்டால் போதும். மைக் செட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

சீனுவாசன் கெட்டிக்காரர்தான். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றும் வரை ஒரு குறையும் இல்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லையில் டிராக்டர் நின்றுபோனால் அவரேதான் பார்ப்பார். பேடுகளைக் கவ்விப் பிடித்திருந்த காலிப்பரைக் கழற்றி, தேய்ந்துபோன பழைய பேடுகளை உருவினார். புதிய பேடுகளை வைத்து மூடப் பார்த்தார். மூடவில்லை. புதுசு தடிமன். காலிப்பருக்குள்ளே பேடைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே நீட்டிக்கொண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"இத உள்ள அமுக்கணும் போலிருக்கு. சரிங்களா மாப்ள?"

அன்புச்செல்வன் தலையாட்டினான். சீனுவாசன் கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு கட்டையைக் கொடுத்து இரும்பு வைஸால் கவ்வி இறுக்கினார். பிஸ்டன் அசையவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை கொட்டியது.

அப்போதுதான் அன்புச்செல்வனுக்கு உதிரிப்பாகக் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. "பின்பக்க பிஸ்டன திருகித்தான் சார் உள்ள அனுப்பணும், அமுக்குனா போவாது. மெக்கானிக்காண்ட சொல்லிடுங்க." அதை இப்போது சொல்லலாம். சொன்னால், எந்தப் பக்கம் திருகுவது, எதை வைத்துத் திருகுவது என்று அடுத்த கேள்வி வரும். எதிரே சுப்பராயலு அகன்ற கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார். அன்புச்செல்வன் ஒரு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இன்னா சீனுவாசா, மாப்ள ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு?" என்றார் சுப்பராயலு.

"பெரிய வேல தெரிஞ்சவங்க சும்மா சும்மா பேச மாட்டாங்க" என்று சீனுவாசன் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். பேடைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மாப்ள, பிஸ்டன் போவலன்னா பரவால்ல. பேடு தடிமனாத்தானே கீது? மிஷின்ல வெச்சிக் கொஞ்சம் தேச்சிட்டா சரியா குந்திக்கும். சரிங்களா?"

மனுஷனுக்குத் தலையாட்டுவது பழகிவிட்டால் கழுத்து தானாக ஆடும். அன்புச்செல்வனின் கழுத்து ஆடியது.

கொட்டகையிலிருந்து இரும்பு தேய்க்கிற மிஷின் வந்தது. கிர்ரென்ற சத்தத்தில் தெருவில் வெடித்துக்கொண்டிருந்த சரம்கூடக் கேட்கவில்லை. கறுப்புத் தூள் பறந்தது. ஒரு பேடு, இரண்டு பேடு என்று தேய்த்து, மாட்டி, சக்கரத்தைப் போட்டார். அடுத்த சக்கரத்துக்கும் அதே வைத்தியம். புதிதாக வாங்கிய நான்கு பேடுகளும் ஒன்றரை மணி நேரத்தில், கழற்றிப் போட்ட பழைய பேடுகளைப்போலவே மெலிந்துவிட்டன. அதிலும் ஒன்று ஒரு ஓரம் தடிமனாகவும் மறு ஓரம் வெற்றிலைபோலவும் இருந்தது. புதுசை வாங்கி, வேலை மெனக்கெட்டு, பழசாக்கி மாட்டியிருக்கிறோம் என்பது பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத அன்புச்செல்வனுக்கே புரிந்தது. அதிரசம் நெஞ்சில் நின்றது.

சாப்பாடு ஆயிற்று. மணி மூன்று. வானம் மூடிக்கொண்டு வந்தது. சீனுவாசன் காரைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். கிருஷ்ணவேணி முறுக்கு டப்பாவையும், சம்பந்தியம்மாவுக்கு என்று தனியாகக் கட்டிய பலகாரத்தையும் பின் சீட்டில் வைத்தாள். சுப்பராயலு சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சங்கவி முன் கதவைத் திறந்தாள். வயிற்றில் மூன்று மாதம். உட்காருவதற்கு முன்பு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"போலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அந்த வீட்டில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் அவன் போகலாம் என்றால் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அந்த நம்பிக்கைதான் அவனைக் கொன்றது. கூட்டேரிப்பட்டு சந்திப்பில் லாரிகள் வந்து திரும்புகிற இடம் கண்ணில் ஓடியது. மழை ரோடு. காலுக்குக் கீழே வெற்றிலைபோல ஒரு பேடு.

"ஏறாத" என்றான். குரல் அவனுக்கே அதட்டலாகக் கேட்டது. "மாமா, இந்த வண்டில போவ வேணாம். பேடு மாட்டினது தப்பு."

"இன்னா மாப்ள சொல்றீங்க? நீங்க சரின்னு சொல்லித்தானே..."

"எனக்குத் தெரியாதுங்க மாமா. தெரியாமத்தான் தலையாட்டிக்கினு இருந்தேன். திருகி உள்ள அனுப்பணும்னு கடைக்காரர் சொன்னாரு, அதக்கூட நான் வாயத் தொறந்து சொல்லல. நான் கார் செய்யறவன் இல்ல மாமா. கம்பெனி கேண்டீன்ல இருக்கேன். சாப்பாடு பாக்குற வேல. பிரேக்குன்னா மிதிக்கத்தான் தெரியும்."

கிருஷ்ணவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பராயலு நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"கேண்டீனா?" என்றார், ருசித்து. "அப்ப இட்லி சுடறவரா?"

அன்புச்செல்வனுக்கு முகமெல்லாம் எரிந்தது. சீனுவாசன் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, சுப்பராயலுவையும் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து பலகார மூட்டையை எடுத்தார். முறுக்கு டப்பாவை எடுத்தார். கார் சாவியை மனைவியிடம் கொடுத்து, "யாரும் இத எடுக்கக் கூடாது" என்றார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

பின்னாலேயே இருவரும் நடந்தார்கள். வழியெல்லாம் தெரிந்த வீடுகள். "இன்னா சீனு, மாப்ள நடந்து போறாரு, கார் இன்னாச்சி?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "பிரேக்கு சரியில்ல" என்றார் அவர், எல்லோருக்கும் அதையேதான். அன்புச்செல்வன் ஒருமுறை "பையைக் குடுங்க மாமா" என்று கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. மனிதர் மனம் உடைந்துவிட்டார், இனி இந்த வீட்டில் தனக்கு மரியாதை அவ்வளவுதான் என்று அன்புச்செல்வன் முடிவு கட்டிக்கொண்டான். சங்கவி மட்டும் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

விழுப்புரம் பஸ் கூட்டமாக வந்தது. அது நிற்பதற்குள் சீனுவாசன் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இரண்டு சீட்டுப் பிடித்துவிட்டார். சங்கவியை முதலில் ஏற்றினார். மூட்டையைக் கொடுத்தார். அன்புச்செல்வன் படியில் கால் வைத்தபோது அவன் முழங்கையைப் பிடித்தார். கையில் இன்னும் கறுப்புத் தூள் போகவில்லை. புதுச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. காலையிலிருந்து அந்தச் சட்டையில் தூசு படாமல் காத்த மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை.

"மாமா, என்ன மன்னிச்சிடுங்க" என்றான் அவன்.

"இருங்க மாப்ள, நான் சொல்லிடறேன்." கண்டக்டர் விசில் அடித்தார். சீனுவாசன் அதைவிட உரக்க, காதோரம் வந்து நாலு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு முதுகில் கைவைத்து மேலே தள்ளினார்.

பஸ் நகர்ந்தது. அன்புச்செல்வன் துண்டை எடுத்து மடித்துக்கொண்டு சங்கவி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"திட்டினாரா?" என்றாள் அவள்.

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"உன்னக் கட்டிக் குடுத்த நாள்லேர்ந்து ராத்திரி தூக்கமே இல்லயாம். மாப்ள வாயில்லாத ஆளா இருக்காரே, நம்ம பொண்ணுக்கு ஒரு ஆபத்துன்னா ஊரு இன்னா சொல்லும்னு பாப்பாரா, அவளப் பாப்பாரான்னு பயந்துக்கினே இருந்தாராம்." துண்டை அவள் மடியில் வைத்தான். "இன்னிக்கு நான் நல்லாத் தூங்குவேன், நீங்க அம்மாவப் போயிப் பாருங்கன்னாரு."

சங்கவி ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தாள். அப்பா இன்னும் ரோட்டோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். துண்டில்லாத தோளோடு, தூறலில், பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு.