பகலில் தூங்குபவரின் புகார்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தகவல் பிரிவின் மூன்றாவது மேஜைக்காரருக்கு அதுதான் உத்தியோகம். பொதுமக்கள் கேட்கும் அரசாங்கக் கோப்புகளில், சட்டப்படி வெளியே தெரியக் கூடாத பெயர், முகவரி, நோய், குடும்பச் சண்டை இவற்றின்மேல் கறுப்பு மை பூசி, மிச்சத்தை நகலெடுத்துக் கொடுப்பார். அலுவலகத்தில் அவருக்கு மைக்காரர் என்று பெயர். பூசி முடித்ததும் தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெயிலுக்கு எதிராகப் பார்ப்பார். ஓர் எழுத்துகூட நிழலாடக் கூடாது. பதினாறு வருஷத்தில் ஆடியதில்லை. இந்தச் சாதனையை வீட்டில் சொன்னபோது மனைவி, "என் பிறந்தநாள் மேலயும் பூசிட்டீங்க போல" என்றாள்.

திங்கட்கிழமை காலை தையல்காரம்மா வந்தார். கழுத்தில் அளவுநாடா மாலைபோல் தொங்கியது. போன மாதம் மைக்காரர் அனுப்பியிருந்த நகலைக் கவுன்ட்டரில் விரித்தார். மேலே 'ஐயா' என்று இருந்தது. கீழே 'நன்றி' என்று இருந்தது. நடுவில் ஒரே இருட்டு.

"இது என்னங்க?"

"நீங்க கேட்ட நகல்ம்மா."

"எதோட நகல்? அடுப்புக்கரியோடதா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிப் போட்ட ஒரு புகாரினால் அவருடைய கடைக்குப் பூட்டு விழுந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், அதே தெருக்கோடியில் குடியிருந்த அவருடைய அக்கா, பள்ளிக்கூட டீச்சர், ஒரு சண்டையில், "உன் கடைக்குப் பூட்டு விழுதா இல்லையா பாரு" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு நின்ற பேச்சு. தையல்காரம்மா வேறு தெருவில் வேறு கடை போட்டார். வேறு அக்காதான் கிடைக்கவில்லை.

"சரி, பேரு வேண்டாம். உங்க சட்டம் உங்களோட. இந்தக் கறுப்பைப் பார்த்தே நான் கண்டுபிடிச்சிட்டேன்."

"எதைம்மா?"

"இவ்வளவு மூடுறீங்கன்னா உள்ள இருக்கறது கூடப் பிறந்தவதான். வெளியாளா இருந்தா இத்தனை மை எதுக்கு?"

பதினாறு வருஷத்தில் முதல்முறையாக மைக்காரரின் மைக்குள்ளிருந்து ஒரு பெயர் வெளியே வந்திருக்கிறது, அதுவும் எந்தப் பெயர் என்றே தெரியாமல். இல்லை என்று தலையாட்டலாமென்றால் தலையாட்டுவதும் தகவல்தான். இன்று அக்கா இல்லை என்றால், நாளை எதிர்வீடா என்பார், நாளன்றைக்கு மாடிவீடா என்பார். தெரு முழுக்கக் கழித்தால் மிச்சம் ஒரே ஒருவர் நிற்பார். அதனால் மைக்காரர் கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

"அப்பீல் எழுதிக் குடுங்கம்மா. முப்பது நாள்ல பதில் வரும்."

"அக்கா வெள்ளிக்கிழமை மகன்கூடக் கப்பலேறுறா. இனி வரமாட்டா. வழியனுப்பப் போகணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும். முப்பது நாள் கழிச்சு நான் யாருக்குக் கையாட்டறது, கடலுக்கா?"

அவர் போன பிறகு மைக்காரர் மூலக்கோப்பை எடுத்தார். போன மாதம் பூசியபோது அவர் இதைப் படிக்கவில்லை. புகார்க் கோப்பு என்றால் முழுசாகப் பூசுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். படித்துப் பூசுகிறவர் வேலை தெரியாதவர்.

இப்போது படித்தார்.

'ஐயா, நான் இரவில் வேலை செய்து பகலில் தூங்குகிறேன். என் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் தையல் கடை. மெஷின் என் கனவுக்குள் ஓடுகிறது. கனவில் கடல் வந்தால் கடலுக்கு ஓரம் அடிக்கிறது. போன வாரம், காலமான என் மனைவி வந்தாள். அவள் பேச வாய் திறந்ததும் டகடகவென்று தைத்துவிட்டது. தையல்காரம்மா நல்லவர், கோபமில்லை. மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தச் சொல்லவும். கடையை மூட வேண்டாம். நன்றி.'

கீழே ஆய்வாளரின் குறிப்பு: கடைக்குச் சென்றேன். உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. பூட்டினேன்.

மதிய வெயில் மேஜைமேல் ஏறியது. மைக்காரர் கண்ணை ஒரு நிமிஷம்தான் மூடினார். கறுப்புக் கோடுகளெல்லாம் நீளமான ரயிலாகி நகர்ந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் யாரோ போர்வைக்குள் தூங்கினார்கள். தையல்காரம்மா அளவுநாடாவோடு பெட்டி பெட்டியாக ஏறி, ஒவ்வொரு போர்வையின் நீளத்தையும் அளந்து, "இதுவா எங்க அக்கா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே போனார். ரயில் கடலுக்குள் இறங்கியது. கடலுக்கு அழகாக ஓரம் அடித்திருந்தது.

விழித்தபோது கன்னத்தில் மை. நேராக மேலதிகாரியிடம் போனார்.

"சார், இதைத் திருத்திக் குடுக்கணும். அதிகமா பூசிட்டேன்."

"ஏம்ப்பா, பூசினா ஒரு கேள்வி வரும். பூசலைன்னா நூறு வரும். புகார் குடுத்தவர் வீட்டு வாசல்ல அந்தம்மா கத்தரிக்கோலோட போய் நின்னா?"

அது நியாயமான கேள்வி. மைக்காரர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"பேரு, சுவர், மனைவி மூணையும் மறைச்சிடறேன். கையெழுத்தே ஆளைக் காட்டும், அதனால டைப் அடிச்சுத் தரேன். பகல் தூக்கம் மட்டும் இருக்கட்டும். அது ஆலைத் தெரு சார். அந்த வருஷம் ராத்திரி ஷிப்ட்ல நாப்பத்தொரு பேரு. குடியிருப்புப் பட்டியல்ல எண்ணிட்டேன். நாப்பத்தொரு குறட்டையில ஒண்ணை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

மேலதிகாரி தாளைப் பார்த்தார். அவர் விரல் கடைசி வரியில் நின்றது.

"இந்தக் 'கடையை மூட வேண்டாம்'... இதுக்கு மேலயும் கொஞ்சம் தடவிடேன். கேட்டது ரெண்டு மணி நேரம், நாம குடுத்தது பூட்டு. நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்லை சார். ஆனா நமக்கு வெட்கமா இருக்கறதையெல்லாம் மறைக்கலாம்னு சட்டத்துல எங்கயும் இல்லை. மூணு தடவை தேடிட்டேன்."

"நீயுமா தேடினே?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார் மேலதிகாரி.

வியாழக்கிழமை தையல்காரம்மா கவுன்ட்டரிலேயே நின்று படித்தார். மூன்று சின்னக் கறுப்புக் கோடுகள்; மிச்சமெல்லாம் வெளிச்சம். உதடு அசைய ஒரு தடவை, அசையாமல் ஒரு தடவை.

"ராத்திரி வேலை, பகல்ல தூக்கம்னு போட்டிருக்கு."

மைக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க அக்கா டீச்சருங்க. பகல்ல தூங்கினா பிள்ளைங்க சிரிச்சிருக்கும்."

"நான் எதுவும் சொல்லலம்மா."

"நீங்க எங்க சொன்னீங்க? வாயில தையல் போட்டுக்கிட்டு நிக்கறீங்க." மறுபடி தாளைப் பார்த்தார். "மூட வேண்டாம்னுல்ல எழுதியிருக்காரு. வந்து கதவைத் தட்டியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே. இப்பவாவது நல்லாத் தூங்குறாரா இந்த மனுஷன்?"

என்ன சொல்வதென்று தெரியாதபோது மைக்காரருக்கு எழுத்துத் தமிழ்தான் வரும். "அந்தத் தகவல் இந்த அலுவலகத்தில் பராமரிக்கப்படுவதில்லை" என்றார்.

தையல்காரம்மா கவுன்ட்டரை விட்டு இரண்டடிகூட நகரவில்லை. போனை எடுத்து எண்ணை மனப்பாடமாகவே அழுத்தினார். பதினோரு வருஷமாக அழுத்தாத எண்.

"அக்கா... நான்தான்... நானேதான்... அழாத, அப்புறம் நானும் அழுவேன், இது கவர்மென்ட் ஆபீஸ்... நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்படறே?... வரேன். தப்பு என் மேலதான், நேர்ல வந்து சொல்றேன். கப்பல்ல போட்டுக்க ஒரு சட்டை இன்னிக்கே தைச்சுடறேன், அளவு சொல்லு... என்னது, பழைய அளவா? பதினோரு வருஷமாச்சு, பொய் சொல்லாத!"

அக்கா சரியான அளவைச் சொல்ல ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. அது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்பதால் மைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.