படத்தில் இல்லாத அம்மா

புதுக்கடை சந்தைக்கு எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப்பில் அந்தத் திங்கட்கிழமை காலை கூட்டமில்லை. ஜினிஷாவோடு வேலை செய்யும் சுஜா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே செல்போனில் ஒரு சினிமா விமரிசனத்தை ஓடவிட்டிருந்தாள். “இடைவேளைக்கு அப்புறம் இந்தப் படத்துக்குத் தன் மேலயே நம்பிக்கை போயிடுது” என்றான் விமரிசகன். இருமல் மருந்தை எடுக்கப்போன ஜினிஷாவின் கை அப்படியே நின்றது. முந்தின நாள் சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து பேசியபோது அவள் கணவன் ரெஜின் சொன்னதும் இதே வரிதான். ஒரு சொல் மாறவில்லை. “நீங்க பேசாம கதை எழுதப் போவலாம்” என்று அவள் அவனை மெச்சக்கூடச் செய்திருந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடங்கள். ஏசி மெக்கானிக்கான ரெஜின் அதில் நாலு தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறான். எல்லாவற்றையும் சேர்த்தால் ஏழு மாதம் வரும். முதல் வருடம் போனில் பேச இருவருக்கும் ஒன்றும் இருக்காது. சாப்பிட்டியா, என்ன கறி, மழை உண்டா என்று கேட்டு முடித்தால் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். ஒருநாள் பேச்சுக்கு வழியில்லாமல் அவள் டிவியில் பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சொன்னாள். கதாநாயகன் பயந்தாங்கொள்ளி, அவனைப் போய் எல்லாரும் தியாகி என்கிறார்கள் என்று. ரெஜின் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு படமோ தொடரோ, அவரவர் இடத்தில் பார்ப்பது. ஞாயிறு சாயங்காலம் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்வது. நல்லதுக்காகக்கூடப் பொய் சொல்லக் கூடாது.

அப்படித்தான் அவனை அவள் அறிந்தாள். மகனை அடிக்கும் அப்பாவை அவனால் பார்க்க முடியாது. ஒரு போலீஸ் தொடரில் கொலைகாரனின் மனைவி பக்கம்தான் நியாயம் என்று ஒருமணி நேரம் வாதாடியிருக்கிறான். அவசரமாக மன்னிக்கிற பெண்களை அவன் நம்புவதில்லை. இந்த மனிதன் ஏப்ரலில் விசாவை முடித்துக்கொண்டு மொத்தமாக வருகிறான். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது.

ஒரே வரி இரண்டு பேருக்குத் தோன்றக் கூடாதா என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸிலும் அடுக்களையிலும் பழைய விமரிசனங்களைத் தேடித் தேடிக் கேட்டாள். ரெஜின் துண்டு துண்டாக அகப்பட்டான். அடிக்கும் அப்பா, கோட்டயத்துக்காரி ஒருத்தியுடையது. கொலைகாரனின் மனைவி, சென்னையில் தாடி வைத்த ஒருவனுடையது. மன்னிக்கும் பெண்கள் யாருடையது என்று தெரியவில்லை. அது மட்டுமாவது அவனுடையதாக இருக்கட்டும் என்று தேடுவதை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனைச் சோதித்துப் பார்த்தாள். அந்த வாரப் படம் ஒரு அப்பனையும் மகளையும் பற்றியது.

“எல்லாரும் கல்யாணத்துக்குப் போனப்பொறவு, அந்த அம்ம சாப்பிடாமலே தட்டக் கழுவி கமத்தி வைக்குமே, அந்த சீனு எப்பிடி இருந்துது?”



“அதப் பாத்து எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு, ஏட்டி” என்றான் ரெஜின்.

அந்தப் படத்தில் அம்மாவே கிடையாது. முதல் காட்சியிலேயே மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்குகிறாள்.

அவனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள், ரெஜினோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அனில்குமார் லீவில் வந்தவன், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தான். மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டே, அங்கே லீவு நாளில் எல்லாரும் சேர்ந்து படம் பார்ப்பீர்களா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

“நாங்க பாப்போம் மைனி. ரெஜின் அண்ணன் பாக்கமாட்டாரு. படம் தொடங்குனா ஒறங்கிருவாரு. ஞாயித்துக்கெழம காலத்த எழும்புனதும் ஹெட்போன மாட்டிக்கிட்டு என்னத்தையோ கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதுவாரு. நாங்க பைபிள் படிக்கியாருன்னுல்லா நெனச்சோம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு மீதிச் சில்லறையை யாருக்கோ இரண்டு தடவை கொடுத்தாள்.

கோபப்பட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக யாரோ நாலைந்து பேரிடம் மனதைத் திறந்து பேசியிருக்கிறோம் என்று நினைத்தபோது முகம் காந்தியது. ஆனால் வாராவாரம் பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒரு மனிதன் நோட்டுப் போட்டுப் படித்திருக்கிறான். ஏமாற்றுகிறவன் இவ்வளவு கஷ்டப்படுவானா? பிரியமென்றால், பார்க்கவில்லை என்று ஒரு தடவை சொன்னால் போதாதா? ஒன்றை நினைத்தால் மற்றது வந்து அதை அழித்தது.

அடுத்த ஞாயிறு போன் வந்ததும் அவன் தொடங்குவதற்கு முன்பே சொன்னாள்.

“அந்தப் படத்துல அம்ம கெடையாது.”

“தெரியும்” என்றான் ரெஜின். “அம்ம செத்துப்போன கதைல்லா அது. அதுகூடவா எனக்குத் தெரியாது?”

“பொறவு எதுக்குக் கண்ணு நெறஞ்சுதுன்னு செல்லுனீங்க?”

“நெறஞ்சுது.”

ஆள் இல்லாத வீட்டில் சாப்பிட மனமில்லாமல் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறவள் தான்தான் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. இவனுக்கு அன்றே புரிந்ததா? இல்லை, இதையும் இப்போதுதான் சமாளிக்கிறானா?

“ஒரு படமும் பாத்தது இல்லியா?”

“இல்ல.”

“எட்டு வருஷமா?”

“இருட்டுல இருந்தா எனக்கு ஒறக்கம் வரும் ஜினி.” குரல் தாழ்ந்தது. “எனக்கு ஒண்ணும் தோணாது. நல்லா இருக்குன்னு செல்லுவேன், இல்லன்னா கொள்ளாம்னு செல்லுவேன், ரெண்டும் ஒண்ணுதான். அதுக்குமேல நீ பேசுவியா?”

மன்னிக்க அவசரப்படக் கூடாது என்று நினைத்தாள். அது யாருடைய கருத்து என்பது அவளுக்கு இப்போது குழப்பமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் திருவும் சத்தம் கேட்டது.

“இப்பம் எஞ்ச இருக்கீங்க?”

“மொட்டமாடியில.”

“என்ன தெரியுது? ஆரு செல்லியதையும் கேக்காம, நீங்களா பாத்துச் செல்லுங்க.”

காற்று மட்டும் போனுக்குள் அடித்தது.

“எதுத்த மாடியில துணி காயுது” என்றான். “வெள்ளத் துணி. இல்ல, வெள்ளை இல்ல. ஒரு மாதிரி... சாம்பலும் இல்ல. நில்லு, செல்லுதேன்.”

அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சட்டைதான். ஒரு கை கயித்துல சுத்திக் கெடக்குது. மத்த கை காத்துல நீளுது, மடங்குது. திரும்பவும் நீளுது.”