கழுவிக் கொடுத்த அடுக்குச்சட்டிகள்

இன்றைக்காவது கேட் திறக்கும் சத்தம் கேட்காதா என்று ஷார்மேன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டில் குக்கர் கத்தியது. யார் வீட்டிலோ கருவாடு வறுபடும் வாசம் ஜன்னல் வழியாக வந்து வயிற்றைக் கிள்ளியது. மடியில் கிடந்த பிள்ளை அழுவதற்கு முகத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பிறகு யோசனையை மாற்றிக்கொண்டது. அடுப்பங்கரையில் கால்வின் பாக்கெட் மீ நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக இதே மீ, இல்லாவிட்டால் வேலை முடிந்து வரும் வழியில் அவன் கடையில் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வரும் சோறு.

ஈப்போவுக்கு வெளியே இருந்த அந்தத் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் ஒரே ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தை விற்று மரங்களைச் சாய்த்தபோது லயத்து வரிசைவீட்டு ஜனம் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. சாமி வேறு, கோயில் வேறு. ஆனால் பிள்ளை பெற்றவள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதில் மட்டும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் ஒரே கட்சி. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொண்டு அடுக்குச்சட்டியில் இரவுச் சாப்பாட்டை அனுப்பிவிடுவார்கள். கீழ்த்தட்டில் ஷார்மேனுக்குக் காரமில்லாத பூண்டுக்குழம்பு, சுறா புட்டு. மேல்தட்டில் கால்வினுக்கு நெத்திலி சம்பால். அவனும் சேர்ந்து பத்தியம் இருக்க அவன் என்ன பாவம் செய்தான் என்று, மூன்றாவது வீட்டுப் புஷ்பலதாதான் அந்தச் சம்பாலை ஆரம்பித்துவைத்தாள்.

ஷார்மேனின் அம்மா பக்கவாதத்தில் விழுந்து பாரிட் புந்தாரில் அண்ணன் வீட்டில் கிடந்தாள். அதனால் அந்தச் சட்டிகள்தான் ஷார்மேனுக்குத் தாய்வீடு. ஒருநாள் அவை வராமல் நின்றன. ஏன் நின்றன என்பது தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். கால்வினிடம் மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று பிள்ளை காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தது. பால் கொடுத்தாள், தோளில் போட்டு நடந்தாள், வயிற்றுத் தையல் சுருக்கென்று இழுத்தது. ஒரு கட்டத்தில் அதைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அழுகை காதில் விழாதபடி குழாயை முழுசாகத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரமோ. வெளியே வந்தபோது கூடத்தில் புஷ்பலதா நின்றாள், பிள்ளை அவள் தோளில். எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைக் கொடுத்தாள், மேசைமேல் வைத்திருந்த சாப்பாட்டைக் காட்டினாள், போய்விட்டாள். மறுநாள் ஷார்மேன் தூங்கி எழுந்து பார்த்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கத்தில் சேர்ந்து கிடந்த சட்டிகள் ஒன்றுகூட இல்லை. வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தாமான் முழுக்க அவள் சங்கதி தெரிந்துபோயிற்று. பெற்ற பிள்ளையைப் பிடிக்காதவளுக்கு எவள் சமைத்துப் போடுவாள்?

கால்வின் மீயைக் கொண்டுவந்து வைத்தான். அவள் தொடவில்லை.

"சாப்புடு ஷார். ஏன் இப்படி இருக்க?"

"அவங்க இனிமே சாப்பாடு அனுப்ப மாட்டாங்க. சட்டியெல்லாம் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாரு எடுத்தா? நான்தான்லா அன்னிக்கு லீவுல எல்லாத்தையும் கழுவி ஒவ்வொரு வீடாக் கொண்டுபோய் வச்சேன். நீ தூங்கிட்டு இருந்த."

ஷார்மேன் நிமிர்ந்தாள். "உள்ள என்னா போட்டீங்க?"

"என்னா போடணும்? நல்லா சோப்பு போட்டுக் கழுவினேன்."

கால்வின் டவுன் அடுக்குமாடியில் வளர்ந்தவன். அம்மாவும் அப்பாவும் ஷிப்டு வேலை, சாப்பாடு எப்போதும் கடைப் பொட்டலம். பொட்டலத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. சட்டியைத் திருப்பினால் ஒரு பிடி சீனியாவது, ரெண்டு கொத்து முருங்கைக்கீரையாவது போட்டுத் திருப்ப வேண்டும் என்று அவனுக்கு எவர் சொல்லியிருக்கப் போகிறார்கள்? வெறும் சட்டி வந்தால் 'போதும், இனி வேண்டாம்' என்பது லயத்துக் கணக்கு. அடுப்படியில் நிற்க முடிந்ததும் கேசரி கிண்டிப் போட்டுக் கொடுக்கலாம் என்றுதான் அவள் அவற்றைச் சேர்த்துவைத்திருந்தாள். மனுஷன் பெண்டாட்டிக்கு உதவி செய்கிறேன் என்று வீடு வீடாகப் போய்ச் சோற்றை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் பயந்துபோய், "நான் இப்பவே சீனி வாங்கிட்டுப் போயி மன்னிப்பு கேக்குறேன்" என்றான்.

"நீங்க இருங்க. நான் போறேன்."

பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. யாரும் அவளை ஒன்றும் சொல்லவே இல்லை. அவளாகத்தான் பிள்ளையைப் பிடிக்காதவள் என்ற வார்த்தையை எல்லார் வாயிலும் வைத்தாள். அப்படியென்றால் அது அவளுடைய வார்த்தைதான். அந்த நினைப்பு, ஊர் பேசுவதைவிட மோசமாக இருந்தது.

புஷ்பலதா கேட்டைத் திறந்தாள். முகம் இறுகியிருந்தது.

"என்னா ஷார்மேன்?"

"அக்கா, அவரு தெரியாம வெறுஞ்சட்டியக் கொண்டாந்து வச்சிட்டாரு. அவரு டவுனுக்காரரு அக்கா, இதெல்லாம் அவருக்குத் தெரியாது."

புஷ்பலதா கேட்டில் சாய்ந்துகொண்டாள். "நம்ம சாப்பாடு ஒங்களுக்கு ஒத்துக்கல போலன்னு நாங்க பேசிக்கிட்டோம். எனக்கு ரொம்ப மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. சரி, விடு. நாளைக்கு வரும்."

அவ்வளவுதான், வந்த காரியம் முடிந்தது. திரும்பி நடந்திருந்தால் மறுநாள் சாப்பாடு வந்திருக்கும், யாரும் எதையும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஷார்மேனுக்குக் கால் நகரவில்லை.

"அக்கா, அன்னிக்குக் கொழாயத் தொறந்துவிட்டேன்ல. இவன் அழுறது கேக்கக் கூடாதுன்னுதான்." பிள்ளையைச் சுற்றிய துணியை இழுத்துவிட்டாள். "எனக்கு இவன் மேல ஒண்ணுமே தோணலக்கா. யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்கு."

புஷ்பலதா ஆறுதல் சொல்லவில்லை, தனக்கும் அப்படித்தான் இருந்தது என்றும் சொல்லவில்லை. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"சாப்புட்டியா?"

"இல்ல."

"உள்ள வா. நாளைக்கு கிளினிக்குக்கு நான் கூட வாரேன். நர்ஸுகிட்ட இத சொல்லணும். இப்ப சாப்புடு."

சாப்பாட்டு மேசையில் சோற்றை வைத்து ரசத்தை ஊற்றினாள். மிளகு மணந்தது. ஷார்மேன் நாலு வாய் அள்ளி அள்ளித் தின்றாள், வெட்கமில்லாமல். கூடத்தில் பிள்ளை முனகியது, பிறகு வீறிட்டது. அவள் எழப் போனாள்.

"நீ உக்காரு" என்றாள் புஷ்பலதா அங்கிருந்தே. "அழட்டும். நான் வச்சிருக்கேன்."

உட்கார்ந்தாள். அழுகை நிற்கவில்லை. அடுத்த பிடியை எடுத்த கை பாதியில் நின்றது. மார்பு இறுகிக் கனத்தது. குனிந்து பார்த்தாள். சட்டையின் முன்பக்கம் பால் ஊறி, இரண்டு பக்கமும் ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. விரல்களில் சோறு காய்வதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.