அப்பொலோனியாவின் கோஸ் தோட்டத்தில் விழுந்தவை

கடலுக்கு அப்பாலிருந்து ஆண்ட ராஜாவிடமிருந்து விடுதலை கேட்டு நடந்த போரில், லாங் தீவில் நம் படை தோற்ற ஆகஸ்ட் மாதத்தில், அங்கிருந்து நூற்றிருபது மைல் மேற்கே, டல்பஹாக்கன் ஓடைக்கரையில் இருந்த அப்பொலோனியாவின் கோஸ் தோட்டத்தில் இருநூற்றுப் பதினோரு தொப்பிகளும் ஒரு செப்புக் கெண்டியும் விழுந்தன. காற்று இல்லை, வானத்தில் மேகமும் இல்லை. முப்பத்தெட்டு கோஸ்கள் நசுங்கின. கெண்டியை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவளுடைய அம்மா ரைன் நதிக்கரையிலிருந்து கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது அது. படைக்குப் போகும்போது அதை எடுத்துப் போகாதே என்று கணவன் யோஸ்டிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான். கோஸ் சீவும் நாளுக்குள் திரும்பிவிடுவதாகவும் சொன்னான். அவள் சீவிப் போட, அவன் உப்புத் தூவி மர உலக்கையால் இடித்து, குளிர்காலத்துக்குப் புளிக்கவைக்க ஜாடியில் அமுக்குவான். எட்டு வருஷமாக அது இருவர் சேர்ந்து செய்கிற வேலை.

போரில் யார் எதைத் தொலைத்தாலும் அது அவள் தோட்டத்தில்தான் விழும் என்பது இரண்டு மாதத்தில் ஊருக்கு விளங்கிவிட்டது. அதன் இன்னொரு விதியைக் கொல்லன் வெண்டலின் மகன் மூலம் தெரிந்துகொண்டார்கள். வெள்ளைச் சமவெளியில் நடந்த சண்டைக்கு மறுநாள் அவனுடைய சட்டை, கால்சட்டை, கத்தி, பாட்டுப் புத்தகம், இரண்டு காலணிகள் எல்லாம் பொத்தான் கழற்றாமல் ஒரே குவியலாகக் கிடந்தன. அவன் செத்துவிட்டதாக மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உயிரோடு இருப்பவன் ஒவ்வொன்றாகத் தொலைக்கிறான், செத்தவன் எல்லாவற்றையும் ஒரே தடவையில் விட்டுவிடுகிறான் என்று மாவு ஆலைக்காரர் கேஸ்பர் விளக்கினார். அவர் எதையும் விளக்குவார். அப்பொலோனியா அதைக் கேட்டுக்கொண்டு, நசுங்கிய கோஸைப் பன்றிக்குப் போட்டாள்.

கோஸ் சீவும் நாள் வந்தது, யோஸ்ட் வரவில்லை. டிசம்பரில் படையில் அவனுடைய தவணை முடிந்தது, கூடப் போன மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். அவன் இன்னும் ஒரே ஒரு சண்டை என்று சொல்லி அனுப்பினான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிரென்டனில் நம்மவர்கள் ஜெயித்தார்கள். எதிரிக்குக் கூலிக்கு வந்திருந்த ஹெஸ்ஸிக்காரர்களின் பித்தளைத் தொப்பிகள் பனியில் செருகி நின்றன, பின்னாலேயே யோஸ்டின் இடது காலணி வந்து விழுந்தது. அவள் வாரியை எடுத்து மதியம்வரை பனியைக் கிளறினாள். வலது காலணி இல்லை. அதன்பின் ஒவ்வொரு சண்டைக்கும் அவள் தேடியது அந்த வலது காலணியைத்தான், கிடைக்கக் கூடாது என்று.

பிராண்டிவைனில் தோற்றபோது பொய்முடிகளும் பற்களும் விழுந்தன. ஒரு பல் யோஸ்டுடையது, பாதி உடைந்த கடைவாய்ப் பல். அதைக் கழுவி அலமாரியில் காலணிக்குப் பக்கத்தில் வைத்தாள். சரட்டோகாவில் எதிரியின் முழுப் படையும் சரணடைந்த அன்று துப்பாக்கிகள் வேலி உயரத்துக்குக் குவிந்தன, அந்த வருஷ விளைச்சலில் ஒரு கோஸ்கூட மிஞ்சவில்லை. கேஸ்பர் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தார்.

"இதோட போரே திரும்பிடுச்சு, அப்பொலோனியா. இனி பிரான்சு நம்ம பக்கம்."

"பிரான்சு வந்து கோஸ் நட்டுக் குடுக்குமா?" என்று அவள் கேட்டாள். "வரப்புல நடங்க. நீங்களும் மிதிக்காதீங்க."

படையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, தோட்டத்தை நாட்டுக்காக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நாலு மூலையிலும் காவல் போட்டு, விழப்போவதை எழுதிக்கொள்ள ஒருவனையும் உட்கார வைத்தார். ஐந்து மாதம் எங்கும் பெரிய சண்டை நடக்கவில்லை. காவலாளிகள் அவளுடைய வெங்காயத்தைத் தின்று தீர்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாள் மான்மத்தில் சண்டை நடந்து, காலித் தண்ணீர்ப் புட்டிகள் அறுபத்தைந்து விழுந்தன.

பிறகு போர் தெற்கே போயிற்று, யோஸ்டும் கூடவே போனான். கேம்டன் என்கிற ஊரில் நம்மவர்கள் மிக மோசமாகத் தோற்று ஓடிய மறுநாள் காலை, மூன்றாவது பாத்திக்கும் நாலாவதுக்கும் நடுவில் யோஸ்டின் சிரிப்பு கிடந்தது. கொதிக்கப்போகும் பானைபோல அடியில் தொடங்கி விக்கலில் முடியும் அந்தச் சிரிப்பை அவள் எங்கே கேட்டாலும் கண்டுகொள்வாள். முதலில் தோட்டம் முழுக்க வலது காலணியைத் தேடினாள். இல்லை. அதற்குப் பிறகுதான் சிரிப்பின் பக்கம் வந்தாள்.

பார்க்க அதில் ஒன்றும் இல்லை, கொஞ்சம் சூடு மட்டும் இருந்தது. கோழியைக் கண்டால் சிரித்தது, மழை பெய்தால் சிரித்தது, பாதிரியார் வந்து இறந்தவர்களுக்காக ஜெபம் செய்தபோது அவர் 'ஆமென்' சொல்லும்வரை சிரித்தது. அதட்டினால் இன்னும் அதிகமாயிற்று. ஒருநாள் கொல்லன் வெண்டல் செத்துப்போன தன் மகனுடைய பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனார். சிரிப்பு அவரைப் பார்த்தும் சிரித்தது. அவர் நின்றார், அதற்குப் பிறகு சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தார். அன்றைக்கே அப்பொலோனியா சிரிப்பை இடுப்புத் துணியில் வாரி, சீவிய கோஸுக்கு நடுவே ஜாடியில் போட்டு, உப்புத் தூவி, தானே இடித்து அமுக்கி, மேலே பாரத்துக்கு ஒரு பீரங்கிக் குண்டை வைத்தாள். ஜாடி குமிழிவிட்டுக்கொண்டே இருந்தது. மற்ற ஜாடிகளில் ஆறு வாரத்தில் குமிழ் அடங்கும். இதில் அடங்கவில்லை.

அடுத்த வருஷம் அக்டோபரில், கோஸ் சீவும் வாரத்தில், யார்க்டவுனில் எதிரி சரணடைந்தான். ஒரு முரசு விழுந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டை மெதுவாக வந்து படிந்தது. கேஸ்பர் தொப்பியைக் கழற்றினார்.

"முடிஞ்சது."

"அப்போ அவன் எங்க?"

எதையும் விளக்குகிறவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். சமாதான உடன்படிக்கையின் கையெழுத்துகள் கடலைத் தாண்டி வரவேண்டும், அதுவரை படையைக் கலைக்க மாட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் தோட்டத்தில் எதுவும் விழவில்லை. கோஸ்கள் தலை பெரிதாக விளைந்தன. அவள் தினமும் பாத்தி பாத்தியாகப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். சண்டை இல்லாமல் காய்ச்சலில் செத்தவனின் பொருள்கள் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. "சண்டை நடந்தப்பவாவது சேதி வந்துச்சு" என்று ஒருதடவை ஜாடியிடம் எரிந்து விழுந்தாள். ஜாடி குமிழிவிட்டது.

யார்க்டவுனுக்குப் பின் வந்த இரண்டாவது கோடையில் யோஸ்ட் சாலை வழியாகவே நடந்து வந்தான். வலது காலில் பழைய காலணி, இடது காலில் சாக்குத் துணி. அவள் முதலில் காலணியைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தை.

"கெண்டியை எடுத்துட்டுப் போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன" என்றான்.

அவ்வளவுதான் பேசினான். சாப்பிட்டான், வேலி கட்டினான், பன்றிக்குத் தீனி வைத்தான். கேஸ்பர் வந்து தன் பழைய பகடிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். ஜாடியைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு சண்டை என்று சொல்லி ஏழு அறுப்புக்கு வராதவனுக்குச் சிரிப்பு ஒரு கேடா என்று நினைத்தாள். அறுப்புவரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் அவள் சீவினாள், அவன் இடித்தான். உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. அரை ஜாடி நிறைவதற்குள் அவளால் தாங்க முடியவில்லை. சீவுபலகையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், பீரங்கிக் குண்டைத் தூக்கி, பழைய ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, பன்றி இறைச்சியோடு வேகவைத்துக் கொண்டுவந்து அவன்முன் வைத்தாள்.

"தின்னு."

மூன்றாவது வாயில் அவன் அடிவயிறு குலுங்கியது. அலமாரியில் இருந்த கெண்டியைப் பார்த்தான், தன் பல்லைப் பார்த்தான், இடது காலணியைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து விக்கினான். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே வெண்டல் போனார். யோஸ்ட் கையால் வாயை மூடிக்கொண்டு, அவர் தாண்டிப்போகும்வரை பொறுத்தான்.

அன்றுமுதல் அவன் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பல் கூசும். மூன்று வருஷம் புளித்தது அப்படித்தான் இருக்கும் என்று ஊரில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜாடியில் இன்னும் முக்கால்வாசி இருந்தது. அப்பொலோனியா மேலே கொஞ்சம் உப்புத் தூவி, குண்டைத் திரும்ப வைத்து மூடினாள். குளிர்காலத்துக்கு வேண்டியிருக்கும்.