மணலில் ஒரு வெறுங்கால்

“பந்து எங்க கிடக்கோ அங்கிருந்துதானே டாக்டர் அடிக்கணும்? விதி அப்படித்தானே?” என்றார் மைதான மேற்பார்வையாளர்.

“விதி எனக்கும் தெரியும்யா. குழியில கிடந்தா அடிச்சிருப்பேன். குழிக்குள்ள இன்னொரு குழியில கிடந்தா? குதிகால் பள்ளத்துல பாதி புதைஞ்சு கிடந்துச்சு. இறங்கி வந்து பாரு!”

பல் டாக்டர் கோல்ஃப் மைதானத்து பங்கரில், அந்த மணல்குழிக்குள்ளேயே நின்றிருந்தார். காலைப் போட்டியில் கடைசியாக ஆடியவர் அவர்தான். ஒரே ஓர் அடியில் கோப்பை கைநழுவிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மேற்பார்வையாளரைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

“கொடி நட்டிருக்கிற க்ரீன் ஓரத்து பங்கர்னா மணலோட சேர்த்து அள்ளி வீசலாம், பந்தும் கூடவே வந்துடும். இது பாதி வழியில இருக்கிற பங்கர். இங்க முதல்ல பந்து, அப்புறம்தான் மணல். நூலளவு முன்னாடி மணல்ல பட்டாலும் பந்து நகராது. பள்ளத்துல கிடக்கிறதை எப்படி முதல்ல தொடுறது? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதுகூட நான் இவ்வளவு திணறினதில்ல.”

அவர் அடித்த அடியில் அந்தக் காலடித் தடத்தின் குதிகால் பக்கம் சிதறியிருந்தது. ஐந்து விரல்கள் மட்டும், ஈரமணலில் அச்சு வார்த்ததுபோல, விளிம்பைப் பார்த்தபடி பதிந்திருந்தன.

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். “காலைத் திருகி ஊனியிருக்கான் டாக்டர். அடிக்கும்போது வழுக்காம இருக்க நீங்கல்லாம் செய்வீங்களே, அதேதான். எவனோ திருட்டுத்தனமா ஆடிப் பழகுறான்.”

அவர் பார்வை மேலே நின்றிருந்த புல்வெட்டும் வண்டிக்காரன்மேல் போய் நின்றது. நூல் பிடித்ததுபோல் நேராக வெட்டுவதால் அவனுக்குக் ‘கோடு’ என்று பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுவது அவன் வழக்கம்.

“நான் இல்ல சார். என் கால் என்னிக்கு இவ்வளவு அழகா இருந்துச்சு?”

“சிரிப்பு வேறயா? நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்.”

ஓரத்தில் பற்கள் வைத்த ரேக்கோடு நின்றிருந்தவள் ஓரடி முன்னால் வந்தாள். பதினோரு வருடமாக இங்கே மணலைச் சீவிச் சமன்செய்பவள்.

“அது என் வீட்டுக்காரர் கால் சார்.”

“அக்கா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க,” என்றான் கோடு.

“நீ சும்மா இரு. உனக்காக நான் ஏன்டா பொய் சொல்லணும்?”

அவள் கணவர் பேருந்து ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண், கொஞ்சம் தேறியதும் மணலில் நடக்கவிடச் சொன்னாள். கடலுக்குப் போக ஒரு பகல் ஆகும். அவள் கைக்கெட்டிய மணல் இது ஒன்றுதான். முதல் ஆட்டக்காரர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஆளைத் தாங்கிக்கொண்டு வந்து இறக்கிவிடுவாள். நடந்து முடிந்ததும் தடங்களைச் சீவிவிடுவாள். ஐந்து வாரமாக யாருக்கும் தெரியாது.

“காலை ஊனுறது நான் சொல்லிக்கொடுத்தது சார். இவ்வளவு வருஷம் நீங்கல்லாம் நிக்கிறதைப் பாத்துட்டுத்தானே இருக்கேன். அவங்க மாதிரி கொஞ்சம் திருகிப் புதைங்க, இடுப்புக்குக் கீழ ஆடாதீங்கன்னேன். ‘இனிமே தொப்பி ஒண்ணுதான் பாக்கி’ன்னு கிண்டல் பண்ணுவார்.”

“இது ஆடுற இடம்மா. ஆஸ்பத்திரியா?” என்றார் மேற்பார்வையாளர்.

“தப்புதான் சார்.”

டாக்டர் அந்த ஐந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இடது காலா இது?”

“ஆமா சார்.”

“மத்ததையெல்லாம் அழிச்சிருக்க. இது மட்டும் எப்படி விட்டுப்போச்சு?”

அவள் ரேக்கின் பிடியில் ஒட்டிய மணலைக் கட்டைவிரலால் தேய்த்து உதிர்த்தாள்.

“தினமும் இந்த விளிம்புக்கு வந்ததும் என் கையைத் தேடுவார் சார். இன்னிக்குத் தேடல. அந்தக் காலை ஊனினார், ஒரே எக்கு, மேல புல்லுல போய் நின்னுட்டார். நின்னு என்னைத் திரும்பிப் பாத்தார். நான் ரேக்கைக் கீழ போட்டுட்டு ஓடிட்டேன். அப்புறம் மத்த இடத்தைச் சீவினேன், இந்த ஓரம் ஞாபகத்துலயே இல்ல.”

டாக்டர் கையிலிருந்த மட்டையை மணலில் ஊன்றப் போனவர், ஏனோ ஊன்றாமல் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“கோப்பை போனது என்னாலதான் டாக்டர். என்ன செய்யணுமோ எனக்குச் செய்ங்க, இந்தக் கோடு பயலை விட்டுடுங்க.” பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆனா வீட்டுல அவர் இப்பவே நாளைக்குக் கிளம்பத் தயாரா உக்காந்திருக்கார். இன்னொரு தடவை ஏற முடியுமா, இல்ல இன்னிக்கு ஏதோ தவறி ஏறிட்டோமான்னு அவருக்குத் தெரிஞ்சாகணுமாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க சார். வேணும்னா நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க. விடுவீங்களா?”